என் மகள் காதுகொடுத்த கிழவி

எனக்கு அமெரிக்காவில் இருக்கிற ஒரு கிழவி மேல் பொறாமை. அவளை நான் நேரில் கண்டதில்லை. அந்த நாட்டின் தெற்குப் பக்கத்தில், வெயில் கூடிய ஏதோ ஒரு சின்னப் பட்டணத்தில் அவள் இருக்கிறாள். நான் ஹம்பேர்க்கில், மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அவள் வாயைத் திறந்தால் என் மகள் மணிக்கணக்காகக் கேட்பாள். நான் வாயைத் திறந்தால் என் மகள் மணிக்கூட்டைப் பார்ப்பாள். விஷயம் இவ்வளவுதான்.

மற்றவர்கள் இதற்கு வேறு பெயர் வைப்பார்கள். ஏக்கம் என்பார்கள், தனிமை என்பார்கள், வயது போனால் இப்படித்தான் என்பார்கள். எனக்கு இது பொறாமைதான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்லுகிற படிப்பு என்னிடம் இல்லை.

என் மகள் யூனிவேர்சிட்டியில் புரொபெசர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மறந்தேன் என்று என்னை நானே ஏசிக்கொள்ளக் கூடாது. பிராங்பேர்ட்டில் படிப்பிக்கிறாள். அவள் படித்தது சரித்திரம். ஆனால் அரசர்களின் சரித்திரம் இல்லை. அமெரிக்காவில் முதலாளிமார் எப்படி முதலாளிமார் ஆனார்கள், வேலை செய்தவர்கள் ஏன் வேலை செய்தபடியே கிழடாகிச் செத்தார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் கடன் என்கிற சாமான் என்ன செய்தது, இதுதான் அவளுடைய படிப்பு. பருத்திக் காணிகளில் அடிமையாக இருந்த சனங்களுக்கு விடுதலை என்று சொன்ன பிறகும், அவர்கள் அதே காணியில் பங்குக்கு விதைத்தார்களாம். விதையும் மாவும் காணிக்காரனுடைய கடையில் கடனுக்கு. அறுவடை முடிந்து பார்த்தால் கடன் தீர்ந்திராது. தீராமல் அந்தக் காணியை விட்டுப் போகவும் முடியாது. படிக்கப் போன புதிதில் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி அவள் இதை எனக்குச் சொன்னாள். சோறு ஆறிப்போனது. அந்தச் சனங்களைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்த பற்றைப் பார்த்து, எனக்கு அன்றைக்கே உள்ளே ஏதோ கடித்தது.

இங்கே எங்களுக்குத் தேவாலயத்தில் மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசை. பூசை முடிந்தால் கீழே மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். அங்கேதான் பிள்ளைகளின் பெருமை பேசுகிற இடம். ஒருவருடைய மகன் பாங்கில், இன்னொருவருடைய மகள் பல் டாக்டர். ஒரு அண்ணை என்னைக் கேட்டார்.

"அக்கா, உங்கட மகள் இப்ப என்ன படிக்கிறா?"

"அமெரிக்காவில ஆக்கள் என்னண்டு கடன்பட்டவை எண்டு படிக்கிறா."

"அதுக்கேன் அமெரிக்கா? எங்கட வீட்டை வந்தாக் காணுமே. நான் தேத்தண்ணியும் குடுத்து விளக்கமாச் சொல்லுவன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அவர் பகிடிக்குக் கேட்டதை நான் பகிடியில்லாமல் கேட்கத் தொடங்கினேன். உண்மையாகவே, ஏன் அமெரிக்கா?

டாக்டர் பட்டத்துக்கு அவள் ஒரு ஜேர்மன் புரொபெசர் அம்மாவிடம் சேர்ந்தாள். இந்த நாட்டில் அந்தப் படிப்பை நடத்துகிற பெண்ணைப் பட்டத்துக்குத் தாய் என்று சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"பெத்தவள் ஒருத்தி இருக்க உனக்கேன் இன்னொரு தாய்?"

"அது சும்மா சொல்லுறதம்மா. ஆம்பிளை எண்டால் தகப்பன் எண்டுவினம்."

"அப்ப ஆம்பிளையிட்டப் போயிருக்கலாமே. உனக்கு அந்த இடம் காலியாத்தானே கிடக்கு."

என் மனுசன் மகளின் பத்தாம் வகுப்பில் மாரடைப்பில் போனவர். மகள் சிரித்தாள். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை. அந்த அம்மா பென்சன் எடுத்துக்கொண்டு நாய் வளர்க்கப் போன பிறகுதான் அவள்மேல் எனக்கு இருந்த எரிச்சல் தணிந்தது.

பட்டம் எடுத்த பிறகும் மகளுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இங்கே படித்தவர்களுக்கு வேலையைத் தவணை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஓர் ஊரில் கொஞ்சக் காலம், பிறகு இன்னோர் ஊர். ஒவ்வொரு ஊருக்கும் நான் மிளகாய்த்தூளும் கொண்டு ரயிலில் போய், அவளுடைய புது அறையின் ஜன்னலைத் துடைத்துவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேரில் நிரந்தர வேலை இருந்தது எனக்குத்தான். அதை நான் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

என் வேலை சலவைச்சாலையில். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி துவைக்கிற பெரிய இடம். துவைக்கிறது மெஷின். நான் நின்றது மாங்கெல் என்று ஜேர்மன்காரர் சொல்லுகிற உருளை மெஷினில். இரண்டு பெண்கள் ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அது சூடான உருளைகளுக்குள்ளே போய், மறுபக்கத்தால் காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். அங்கே நின்று நின்றே நான் மகளை வளர்த்தேன், பென்சனும் எடுத்தேன்.

இனிக் கிழவிக்கு வருகிறேன்.

மகள் முதல் புத்தகத்தை எழுதி முடித்து, காணிகளை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பெண்களைப் பற்றி அடுத்த புத்தகத்துக்குத் தேடத் தொடங்கினாள். அதற்காக அமெரிக்கா போன இடத்தில் இந்தக் கிழவியைப் பிடித்தாள். கிழவியின் தகப்பன் பங்குக்கு விதைத்தவராம். கிழவி ஓர் ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் நின்றவளாம். எந்த மெஷினில் என்று கேட்டேன். மகள் ஒரு படம் காட்டினாள். உருளைகள், விரிப்பு, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள்.

"உது மாங்கெல்தானே," என்றேன்.

"ஓம் அம்மா," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்குப் போனாள்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு அவள் என்னிடம் வந்து நின்றபோது, கிழவியின் பேச்சை ரெக்கோடரில் போட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் விளங்காது. குரல் விளங்கும். கனத்த குரல், ஆறுதலான குரல், நேரத்துக்குப் பயப்படாத குரல். நடுவில் நடுவில் என் மகளின் குரல் வரும்: "ம்." கிழவி இருமுவாள். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மகளும் ஒன்றும் சொல்லுகிறாள் இல்லை. ரெக்கோடர் நின்றுவிட்டது என்று நான் நினைக்கிற அளவுக்குப் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு கிழவி மறுபடி தொடங்குகிறாள்.

"என்ன பிள்ளை, நீ ஒண்டும் கேக்காமல் இருக்கிறாய்?"

"அதுதான் அம்மா வேலை. ஒண்டைக் கேட்டிட்டுப் பேசாமல் இருக்கோணும். அவையாய் நினைச்சு நினைச்சுச் சொல்லுவினம். அவசரப்படுத்தினா எல்லாம் உள்ளுக்குப் போயிடும்."

முதல் நாள் பின்னேரம்தான், வேலைத்தலத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோ, எனக்கு ஒரு டெர்மின் இருக்கு, ஒராளைச் சந்திக்கோணும்" என்றாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு சண்டையே இல்லை.

ஞாயிறு பின்னேரம் எனக்கு ரெலிபோன் எடுப்பது அவளுடைய வழக்கம். அமெரிக்காவில் அது காலை நேரம். கிழவிக்கும் அந்த நேரம்தான் வசதியாம். அதனால் முதலில் கிழவி, பிறகு நான். கிழவியோடு கதைத்துக் களைத்த குரலில் என்னிடம் வருவாள். "சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ? கால் வீக்கம் எப்பிடி?" டாக்டரிடம் சொல்லுகிற மாதிரி நானும் சொல்லுவேன்.

ஒருநாள் கேட்டேன். "அவ அப்பிடி என்னதான் சொல்லுறா?"

உடனே மகளின் குரலுக்கு உயிர் வந்தது. சூட்டைப் பற்றி, மேற்பார்வைக்காரனைப் பற்றி, சம்பளத்துக்கு முதலே கடைக்காரன் வாசலில் வந்து நிற்பதைப் பற்றி, ஆஸ்பத்திரி விரிப்புகளில் ஊறியிருந்த மணத்தைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டிருந்து விட்டுச் சொன்னேன்.

"நானும் மாங்கெல்லில நிண்டனான்தானே."

"ஓம் அம்மா. எனக்குத் தெரியும்தானே."

எவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டாள். தெரியும்தானே. கிழவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அவளிடம் போனாள். என்னைப் பற்றித் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

பெருமையை விட்டு ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "என்னையும் ஒருநாள் உந்த ரெக்கோடரில பிடியன்."

"சொந்த ஆக்களை நாங்கள் கேக்கிறேல்லை அம்மா. எங்கட தொழிலில அது சரிவராது. பக்கம் சாஞ்சிடும்."

"ஆற்ற பக்கம்?"

"உங்கட பக்கம்."

"ஒரு நாளைக்கு என்ர பக்கம் சாஞ்சால் என்ன, குடி முழுகிடுமோ?"

அவள் குளிசையைப் பற்றிக் கேட்டாள். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வருடம் பூசை முடிந்த நேரம் மண்டபத்துக்கு ஒரு ஜேர்மன் பெண் வந்தாள். துறைமுகப் பக்கத்தில் உள்ள ஒரு நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், வேலை செய்கிறவள். இந்த நகரத்தில் உழைத்த வெளிநாட்டுப் பெண்களின் கதைகளை அவர்களுடைய வாயாலேயே பதிந்து வைக்கப் போகிறார்களாம். மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, "நான்," என்றேன். என் ஜேர்மன் வேலைத்தலத்து ஜேர்மன். அது சாமான் வாங்கவும் மேற்பார்வைக்காரனோடு சண்டை பிடிக்கவும் காணும், வாழ்க்கையைச் சொல்லக் காணாது. மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிவருவதாக அவள் சொன்னாள்.

கூட்டிவந்தது ஓர் இந்தியத் தமிழ்ப் பெண்ணை. கொம்பியூட்டர் வேலைக்கு வந்த பிள்ளை, கோயம்புத்தூர்ப் பக்கமாம். நல்ல மரியாதை.

"வணக்கம் ஆன்ட்டி. நீங்க ஃப்ரீயா பேசுங்க. நான் அப்படியே டிரான்ஸ்லேட் பண்ணிடறேன்."

"நல்லது பிள்ளை. அப்பேக்கை நாங்கள் விடியக் கருக்கலோட வெளிக்கிட்டால் மைமலுக்குத்தான் வீட்டை வாறது. ஒரு குஞ்சு குருமனோடயும் கதைக்கப் பேச நேரமிராது."

"சாரி ஆன்ட்டி, மைமல்னா... அது ஊர் பேரா?"

"பொழுது படுற நேரம் பிள்ளை."

"ஓ, சாயங்காலம். ஓகே ஓகே. அப்புறம் குருமன்?"

குஞ்சு குருமன் என்றால் சின்னப் பிள்ளைகள். நான் வேண்டுமென்றுதான் ஊர்த்தமிழைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். இந்தியா நாடகம் முழுக்க ரீவியில் பார்க்கிறவள் நான். அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிக் கதைக்க எனக்கு எவ்வளவு நேரம்? கதைக்கவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. நாலைந்து தரம் அந்தப் பிள்ளை நெற்றியைத் துடைத்த பிறகு, நூதனசாலைப் பெண்ணைப் பார்த்து என் ஜேர்மனில் சொன்னேன்: மகள் வரவேணும், மகளுக்கு எல்லாம் விளங்கும். மகள் யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளின் புத்தகத்தை அவள் படித்திருக்கிறாள். அதே தொழில், அதே உலகம். நூதனசாலையிலிருந்து கேட்டால் மகள் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ரெலிபோன் அன்றைக்கே வந்தது.

"அம்மா, என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் கதைக்கிறது விளங்கேல்லை."

"உங்களுக்கு இந்தியா ஆக்கள் கதைக்கிறது விளங்கும்தானே. அவையை மாதிரிக் கதைக்க ஏலாதோ?"

"என்ர கதையை நான் ஏன் அவையை மாதிரிச் சொல்லோணும்?"

பிறகு சொன்னாள். "சரி. நான் மொழிபெயர்க்க மட்டும்தான் வருவன். ஒரு கேள்வியும் கேக்க மாட்டன்."

"உன்னை ஆர் கேக்கச் சொன்னது?"

எனக்கு வேண்டியது அதுதான். மொழிபெயர்க்கிறவள் ஒரு சொல்லையும் தவறவிட முடியாது. சுருக்கச் சொல்ல முடியாது. நான் நிறுத்தும்வரை எழும்பவும் முடியாது.

அவர்கள் வந்த அன்று நான் நத்தாருக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மகள் எனக்கும் நூதனசாலைப் பெண்ணுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். தொடங்க முதல் தொழில்காரியாக எனக்கு முறை சொன்னாள்.

"நீங்கள் 'நான்' எண்டு சொன்னால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லுவன். 'அம்மா இப்பிடிச் சொல்லுறா' எண்டு சொல்ல மாட்டன். சொல்லுறதை அப்பிடியே சொல்லிறது. கூட்டிறேல்லை, குறைக்கிறேல்லை."

"அப்பிடியே?"

"அப்பிடியே."

நான் தூரத்திலிருந்து தொடங்கினேன். இந்த நாட்டுக்கு வந்தது, தங்குமிடத்து ஒற்றை அறை, முதல் முதல் சலவைச்சாலைக் கதவைத் திறக்க முகத்தில் அடித்த ஆவி. மகள் ஜேர்மனில் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு என் கூட்டாளியைப் பற்றிச் சொன்னேன். மாங்கெல்லில் என்னோடு மற்ற மூலையைப் பிடித்தவள் ஒரு போர்த்துக்கல்காரி. எனக்கு அவளுடைய பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது, ஜேர்மன் இரண்டு பேருக்கும் வராது. மெஷின் சத்தத்தில் தெரிந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் விரிப்பாலேயே கதைத்தோம். விரிப்பின் மூலையை ஒருதரம் சுண்டி இழுத்தால், மேற்பார்வைக்காரன் வருகிறான். இரண்டுதரம் இழுத்தால், என் பக்கத்தில் மடிப்பு விழுந்துவிட்டது, பொறு. மெல்ல, நீளமாக இழுத்தால், இன்றைக்கு எனக்கு ஏலாது, கொஞ்சம் ஆறுதலாகப் போவோம். சிரிப்பு வந்தால் விரிப்பு தானாக நடுங்கும். அவளுக்கு ஊரில் தாய் செத்த செய்தி வந்த அன்று, நாள் முழுக்க அந்த நீள இழுவையாகவே வந்துகொண்டிருந்தது. நானும் அப்படியே இழுத்தேன். வேறு என்ன சொல்ல?

"நான் ஒருதரம் இழுத்தால்..." என்று மகள் ஜேர்மனில் சொன்னாள். அவள் வாயில் நான் மாங்கெல்லில் நின்றேன். அவளுடைய வலது கை மடியில் கிடந்தபடி நான் கதைக்கும்போது சேலை முந்தானையைப் பிடிப்பது போல ஏதோ செய்துகொண்டிருந்தது. அவள் சேலை கட்டியிருக்கவில்லை.

பிறகு புதிதாக ஒரு போலந்துக்காரி வந்ததைச் சொன்னேன். வாய்க்காரி. எல்லாப் பாஷையிலும் கொஞ்சம் தெரியும். போர்த்துக்கல்காரியை என்னிடமிருந்து பிரித்து அவளோடு அடுத்த மெஷினில் போட்டார்கள். அவர்கள் வாயால் கதைத்துச் சிரிப்பதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் என் மெஷினில் கனக்க விரிப்புகள் கிழிந்தன. என்னோடு நிற்கப் போட்ட பெண்களால் என் இழுவைக்கு நிற்க முடியவில்லை. கடைசியில் மேற்பார்வைக்காரன் கையைத் தூக்கிவிட்டு, போர்த்துக்கல்காரியை என்னிடமே திருப்பி அனுப்பினான். அன்று சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்து எல்லோரும் ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள். 'ஐஃபர்சுக்டிக்.' பொறாமைக்காரி. ஜேர்மனில் 'நன்றி', 'சம்பளம்' இவற்றுக்குப் பிறகு நான் பாடமாக்கிய சொல் அதுதான்.

நூதனசாலைப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இப்போதும் நீங்கள் அப்படித்தானா என்று கேட்டாள். மகள் அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஓம்," என்றேன். "அமெரிக்காவில ஒரு கிழவி இருக்கிறா. அவவும் மாங்கெல்லில நிண்டவ. என்ர மகள் வருசக்கணக்கா அவ சொல்லுறதைக் கேக்கிறா. என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. எனக்கு அவவில பொறாமை."

மகளின் சிரிப்பு நின்றது.

"சொல்லு," என்றேன்.

"அம்மா, இது..."

"கூட்டிறேல்லை, குறைக்கிறேல்லை எண்டாய். சொல்லு. எனக்கு அந்தச் சொல் தெரியும், மாத்திப் போடாதை."

அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நூதனசாலைப் பெண்ணுடைய முகத்தைப் பார்த்து, நல்ல ஜேர்மனில் சொன்னாள். அமெரிக்காவில் உள்ள ஒரு வயதான பெண்மீது நான் பொறாமைப்படுகிறேன். என் மகள் பல வருடங்களாக அவர் சொல்வதைக் கேட்கிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. 'என் மகள்' என்ற இடத்தில் குரல் இறங்கியது. ஆனாலும் விடாமல் சொல்லி முடித்தாள். அந்த நேர்மை என்னிடமிருந்து வந்தது.

நூதனசாலைப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் அதே தொழில்தானே, பேசாமல் இருந்தாள். நான்தான், தேத்தண்ணி போடவா என்று கேட்டு எழும்பினேன்.

அவள் போன பிறகு மகள் குசினிக்குள் வந்து நின்றாள்.

"நீங்கள் சொன்னது இனி நூதனசாலையில கிடக்கும். ஆரும் போய்க் கேக்கலாம். என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் கேப்பினம்."

"கேக்கட்டும். அதுகளாவது கேக்கட்டும்."

"உங்களுக்கு விளங்கேல்லை அம்மா. அமெரிக்காவில அந்த மனுசி அழுதால் நான் பொறுத்துக்கொண்டிருந்து அடுத்த கேள்வியைக் கேப்பன். நீங்கள் அழுதால் எனக்கு ஏலாது." சொல்லத் தொடங்கியதை நிறுத்த முடியாமல் சொன்னாள். "சின்னனில, நீங்கள் வேலையால வந்ததும் குசினிக்கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு நிப்பியள். நான் வெளியில நிப்பன். சத்தமே வராது. உள்ளுக்கு நிண்டு அழுறியள் எண்டு எனக்குத் தெரியும். கதவைத் தட்டப் பயம். எல்லாத்தையும் படிச்சன், அந்தக் கதவுக்குப் பின்னால மட்டும் போக எனக்குத் தைரியம் வரேல்லை."

நான் கேத்தலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"ஆர் அழுதது?"

"நீங்கள்."

"நான் ஏன் அழுறன்? உள்ளுக்கு நிண்டு ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சனான். டின்பாலும் விட்டு, சீனியும் கூடப் போட்டு. கதவைத் திறந்தால் நீ வந்து காலைச் சுத்துவாய், உன்ர அப்பர் வந்து அதைக் காணேல்லை இதைக் காணேல்லை எண்டுவார். நாள் முழுக்க அந்த ஒரு கோப்பையை நினைச்சுத்தான் நான் மாங்கெல்லில நிண்டனான்."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். சிரிக்கப் போகிறாளா கோபப்படப் போகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லைப் போல.

"உண்மையாவோ?"

"தேத்தண்ணி குடிச்சதுக்கு ஆரும் பொய் சொல்லுவினமோ?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கோட்டைப் போட்டாள். வாசலில் என் தோளைப் பிடித்துவிட்டு அவசரமாகப் போனாள். கோபம் என்றுதான் நான் நினைத்தேன். போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பாத்திரங்களைக் கழுவினேன்.

ஞாயிறு ரெலிபோன் வந்தது. வழக்கத்தை விட முந்தியே வந்தது. நான் குளிசை போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மா, அந்த நீள இழுவை இருக்கெல்லோ, ஏலாது எண்டு சொல்லுறது. அதை முதல் முதல் ஆர் தொடங்கினது? நீங்களோ அவவோ?"

"அதேன் உனக்கு?"

"நான் இவ்வளவு காலமும் படிச்சதில உப்பிடி ஒண்டைக் கேள்விப்படேல்லை. முதலாளி கேக்காமல், மேற்பார்வைக்காரன் காணாமல், ரெண்டு பேர் வேலையை மெல்லமாக்கியிருக்கிறீங்கள். அந்த இழுவையை ஆர் கண்டுபிடிச்சது?"

வந்தது மகளா, புரொபெசரா என்று நான் விசாரிக்கவில்லை. "அதை ரெலிபோனில சொல்ல ஏலாது," என்றேன். "கையால காட்டோணும். வந்தாக் காட்டுவன்."

வந்தாள். அடுத்த சனிக்கிழமையே வந்தாள். அலுமாரியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, ஒரு மூலையை அவள் கையில் கொடுத்து, அறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இழுத்துக் காட்டினேன். முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பலமாக இழுத்தாள். புரொபெசர்மாருக்கு மெல்ல இழுக்க வராது என்றேன். பிறகு பிடிபட்டது.

விரிப்பை மடிக்கும்போது சொன்னாள்.

"அமெரிக்காவில அந்த மனுசியிட்ட உங்களைப் பற்றிச் சொன்னனான். சிரிச்சவ."

"சிரிக்க அதில என்ன இருக்கு?"

"சந்தோசத்தில சிரிச்சவ அம்மா. உங்கள் ரெண்டு பேரையும் வைச்சு ஒரு கட்டுரை எழுதலாமோ எண்டு யோசிக்கிறன். ஒரே மெஷின், ரெண்டு நாடு."

"சொந்த ஆக்களை எழுதக் கூடாதெண்டாய்."

"என்ர அம்மா எண்டு முதல் வரியிலேயே எழுதிப்போட்டு எழுதலாம். ஆக்களுக்குத் தெரிஞ்சால் பிழையில்லை."

நான் விரிப்பை அலுமாரிக்குள் வைத்தேன். இரண்டு பேரையும் வைத்து. அவளும் நானும் ஒரே தாளில். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"அதில ஆர் முதல் வாறது?"

"என்னம்மா?"

"கட்டுரையில. அவவோ நானோ?"

"அவ உங்களை விட மூத்தவ. வேலையும் முந்திச் செய்தவ. சரித்திரம் எண்டால் முந்தி நடந்தது முந்தி வரும்."

"மூத்தவ எண்டால் இருந்து இளைப்பாறட்டும். நான் முதல் போறன்."

அவள் கதிரையில் விழுந்து சிரித்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. நானும் விடுவதாக இல்லை. பிறகு பையிலிருந்து ரெக்கோடரை எடுத்து மேசையில் வைத்தாள். கைப்பேசியை நிறுத்தி, திரும்பப் பைக்குள் போட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சலவைச்சாலையில் முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

நான் அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த முதல் நாளுக்கு முதல் நாளிலிருந்து தொடங்கினேன்.